ஏரி போன தெருவில் ஒரு புங்கமரம்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு சாலை இருக்கிறது. அதன் எந்த முனையில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரிக்கரைச் சாலை என்பது அதன் பொருள், ஆனால் அங்கே கரையும் இல்லை, ஏரியும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியை ஆங்கிலேயர்கள் நீண்ட ஏரி என்றே அழைத்தார்கள். 1920களில் அதன் மாம்பலப் பகுதியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரிப்பரப்பின் மேல் பிறகு குடியிருப்புகளும், 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் எழுந்தன. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக லேக் வியூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் குடியிருக்கிறேன். கத்திரி வெயில் நாட்களில் இரவு 11 மணிக்கும் மொட்டை மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாமல் செருப்பைத் தேடும்போது, ஓர் ஏரிப் படுகையில் வீடு கட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வராமல் போவதில்லை.

பிறந்து வளர்ந்தது மதுரையில். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்ட, ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்புள்ள அந்தக் குளம் என் சிறு வயதில் பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது. நாங்கள் அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் விளையாடினோம். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டங்கள் நடக்கும். மைய மண்டபத்தின் சுவரில் பந்து பட்டால் நான்கு ஓட்டம் என்பது எங்கள் கணக்கு. தைப்பூசத்துக்கு அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் வலம் வர வேண்டிய திருவிழாவைத் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் நிலைத்தெப்பமாக நடத்துவார்கள். தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கள் அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு வந்து, "தெப்பம் தரையில நிக்கிறதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் நடந்தேன்" என்று வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. மாலையில் அந்தக் குளத்தின் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தால், சுவர் வாங்கிவைத்திருந்த பகல் வெயில் உடம்பில் ஏறும். காற்றடித்தால் புழுதியும் அனலும்தான் முகத்தில் படும்.

சில ஆண்டுகளுக்கு முன் வைகையிலிருந்து குளத்துக்கு நீர் கொண்டுவரும் பனையூர்க் கால்வாயைச் சீரமைத்துத் தண்ணீர் விட்டார்கள். அதன்பின் ஒரு சித்திரை மாதத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, அதே சுவரில், அதே மாலை நேரத்தில் உட்கார்ந்தேன். குளம் நிறைந்திருந்தது. காற்று தண்ணீரைக் கடந்து வந்த பக்கத்தில் நல்ல குளுமை; எதிர்க்கரையில், காற்று சாலையைக் கடந்து குளத்துக்குள் நுழையும் பக்கத்தில், அப்படி எதுவும் இல்லை. சுற்றி நடந்து இரண்டு மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன். நீர்நிலை என்பது காற்றின் போக்கில் இருக்கும் கரைக்குத்தான் தன் குளிர்ச்சியைக் கொடுக்கிறது என்ற எளிய உண்மையை அன்றைக்கு உடம்பால் தெரிந்துகொண்டேன். நகரங்களைக் குளிர்விப்பது பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மதுரையில் உணர்ந்ததைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதுதான் நான் முதலில் கற்ற பாடம். நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் எவ்வளவு ஆவியாகலாம் என்பதைக் காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம்தான் முடிவு செய்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். ஆவியாதலால் மட்டும் காற்றைக் குளிர்விக்க முயன்றால் அந்த அளவுக்குக் கீழே போக முடியாது. மதுரையில் கோடைப் பிற்பகலில் வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் அளவு 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அதாவது, கோட்பாட்டளவில் 16 டிகிரி வரை குளிர்விக்க இடமுண்டு. சென்னையில் கடற்காற்று ஏறிய பிறகு 35 டிகிரி, 65 சதவீத ஈரம் என்றால் ஈரக்குமிழ் அளவு 29 டிகிரி. அங்கே இருப்பது 6 டிகிரி இடைவெளி மட்டுமே. சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் பக்தர்கள் தோல்துருத்தியால் தண்ணீர் பீய்ச்சும்போது, கூட்டத்தில் நசுங்கி நிற்பவர்களுக்கும் அந்தத் துளிகள் பட்டால் உடம்பே சிலிர்க்கிறதே, அந்தச் சிலிர்ப்பு மதுரையின் வறண்ட காற்று தருவது. அதே துளிகளைச் சென்னையின் மே மாத மாலையில் தெளித்தால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், வியர்வையும் காயாது.

ஆகையால்தான் சென்னையில் சாலைச் சந்திப்புகளிலும் பூங்காக்களிலும் செயற்கை நீரூற்றுகளையும் பனித்துளி தெளிப்பான்களையும் வைத்துவிட்டு அதை வெப்பத்துக்கு எதிரான நடவடிக்கை என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. குழந்தைகள் விளையாடுவதற்கும் கண்ணுக்கு அழகாக இருப்பதற்கும் அவை நல்லவை, அந்த அளவில் வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே புழுங்கும் காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்ப்பது, காற்றோட்டம் குறைந்த இடங்களில் புழுக்கத்தைக் கூட்டவே செய்யும். இன்னொன்றும் உண்டு. பகலில் மெதுவாகச் சூடேறும் நீர், இரவில் மெதுவாகத்தான் ஆறும். ஆழமில்லாத, தேங்கிய நீர்ப்பரப்பு விடியற்காலையில் பக்கத்து நிலத்தைவிட வெதுவெதுப்பாக இருப்பதும் நடக்கிறது. தூக்கம் கெடும் இரவுகள்தான் முதியோரையும் நோயாளிகளையும் அதிகம் வாட்டுகின்றன என்பதால் இது சிறிய விஷயம் அல்ல.

அப்படியென்றால் சென்னை போன்ற கடற்கரை நகருக்கு எது முதலில் உதவும்? நிழல். வெயிலில் நிற்கும் ஒருவரின் உடம்பைச் சுடுவது காற்றின் வெப்பம் மட்டும் அல்ல. மேலிருந்து வரும் கதிர், கீழே தார்ச்சாலையிலிருந்து எழும் அனல், பக்கத்துச் சுவர்கள் திருப்பி வீசும் வெப்பம் எல்லாம் சேர்ந்தே சுடுகின்றன. மரத்தடியில் காற்றின் வெப்பநிலையை அளந்தால் வெளியே இருப்பதைவிட ஓரிரு டிகிரிதான் குறைந்திருக்கும். ஆனால் உடம்பு உணரும் வேறுபாடு அதைப்போலப் பல மடங்கு, ஏனென்றால் மரம் அந்தக் கதிர்களை இலையிலேயே தடுத்துவிடுகிறது. எங்கள் தெருமுனையில் வெயிலில் நிறுத்திய பைக்கின் இருக்கையில் கை வைத்தால் சுரீர் என்று இழுத்துக்கொள்வோம். பத்தடி தள்ளிப் புங்கமரத்தின் கீழ் நிறுத்திய பைக்கில் உட்கார்ந்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மதியச் சோறு சாப்பிடுவார். இரண்டு இடத்திலும் காற்று ஒன்றுதான்.

மரம் நிழல் மட்டும் தருவதில்லை, வேரால் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்கி வெப்பத்தையும் விழுங்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நீர் கிடைக்கும் வளர்ந்த மரம் ஒன்று கோடை நாளில் 100 லிட்டர் ஆவியாக்கினால், ஒரு டன் ஏசிகள் இரண்டு சேர்ந்து பத்து மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்கு அது ஏறத்தாழச் சமம். ஏசியோ அறைக்குள் இருக்கும் வெப்பத்தோடு தான் எரித்த மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. எங்கள் தெருவில் இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாகத் தொங்கும் ஏசி வெளிப்பெட்டிகளுக்கு நடுவே இரவில் நடந்து பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. திறந்தவெளியில் மரத்தின் குளிர்ச்சி காற்றோடு கலந்து பரவிவிடும் என்பதால் ஏசியைப்போல ஓர் இடத்தில் சில்லென்று இருக்காது, அதுவும் சரிதான். ஆனால் தெருவின் இரு பக்கமும் மரங்கள் கை கோத்து நின்றால் அந்தக் குளுமை கலையாமல் தங்குகிறது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தையோ கிண்டி தேசியப் பூங்காவையோ ஒட்டிய சாலைகளில் பைக்கில் போகும்போது திடீரென்று காற்றின் தன்மை மாறுவதை உணராத சென்னைவாசி இருக்க முடியாது.

எல்லாம் அந்த 100 லிட்டர் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடும் இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். மண்ணில் ஈரம் குறைந்தால் மரம் தன் உயிரைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நிழல் மிஞ்சும், ஆவியாதல் நின்றுபோகும். ஒரு மரம் நமக்கு அதிகம் தேவைப்படும் நாளில், அதாவது மழை நின்று ஐந்து மாதமாகி நிலத்தடி நீர் அடிக்குப் போய்விட்ட மே மாதத்தில், அதற்குக் குடிக்கக் கொடுப்பது ஏரியும் குளமும் மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறக்கிவைத்த நீர். மரத்தை நட்டுவிட்டு ஏரியைத் தூர்த்தால் பாதிப் பயனைத் தூக்கி எறிகிறோம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு சென்னை லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். குடத்தோடு நின்ற மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். குடமில்லாமல் நின்ற மரங்களைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. எங்கள் தெருவில் அந்த ஆண்டு இரண்டு மரங்கள் பட்டுப்போயின.

நம் முன்னோர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. சென்னையைச் சுற்றி வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று எத்தனை தாங்கல்கள்! வரும் நீரைத் தாங்கி நிறுத்தும் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். மதுரையில் தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், உலகனேரி என்று கண்மாயும் குளமும் பெயரிலாவது நிற்கின்றன. கண்மாய்க் கரையில் பனை, உள்வாயில் நாட்டுக் கருவேலம், படித்துறையில் அரசும் வேம்பும், ஆற்றோரத்தில் மருதம் என்று ஒவ்வொரு மரத்துக்கும் நீரோடு ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே உள்ள மரங்கள்வரை அதன் வலி போய்ச்சேரும்.

இன்றைக்கு ஏரியை மீட்கிறோம் என்று செய்யப்படும் வேலைகளில் பலவற்றைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. கரை முழுவதும் கான்கிரீட் சரிவுச் சுவர், அதன் மேல் பேவர் பிளாக் நடைபாதை, நடைபாதைக்காகக் கரையில் நின்ற பழைய மரங்களை வெட்டியது, வெட்டிய இடத்தில் தொட்டியில் வைத்த அழகுச் செடிகள், நடுவே வண்ண விளக்கு நீரூற்று. கரைக்கும் மண்ணுக்கும் இருந்த உறவைக் கான்கிரீட் அறுத்துவிடுகிறது. நடைபாதை பகலில் கொதிக்கிறது, மாலையில்தான் நடக்க முடிகிறது. ஒரு நல்ல முயற்சியையும் சொல்லிவிட வேண்டும். சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் பல பூங்காக்களில் பள்ளமான பகுதியில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்களை அமைத்துவருகிறது. பார்வைக்கு அவை எளிமையானவை. ஆனால் டிசம்பரில் அங்கே இறங்கும் நீர்தான் மே மாதத்தில் அந்தப் பூங்கா மரங்களின் இலைவழியே நமக்குத் திரும்பி வரப்போகிறது என்பதால், பெரிய நீரூற்று ஒன்றைவிட இப்படி ஒரு பள்ளம் மதிப்புள்ளது என்றே சொல்வேன்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளில் அடிக்கடி சொல்லப்படுபவை இரண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில், ஓடையை மூடிக் கட்டியிருந்த உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையை இடித்து, சியோங்கேசியோன் ஓடையை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2005இல் மீண்டும் திறந்தார்கள். சில தெருக்கள் தள்ளியிருந்த இணைச்சாலையைவிட ஓடையோரத்தில் 3.3 முதல் 5.9 டிகிரி வரை வெப்பம் குறைவாக இருந்ததாக அளந்தார்கள். ஆனால் அந்த ஓடையில் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படும் நீர். குளிர்ச்சிக்குக் காரணம் நீர் மட்டுமா என்றால், பாலத்தை எடுத்ததால் காற்றுக்கு வழி திறந்ததும், வாகனங்கள் குறைந்ததும் சேர்ந்தே காரணம். கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் வைத்துக்கொண்டு சியோலைக் காட்டிப் பேசுபவர்கள், முதலில் அவற்றுக்குள் கலக்கும் சாக்கடையை நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும். பறக்கும் ரயில் பாதையின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டவர்கள் நாம்.

கொலம்பியாவின் மெடயீன் நகரம் செய்தது எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. 2016இல் தொடங்கி, போக்குவரத்து மிகுந்த சாலைகளின் ஓரங்களிலும் நடுவிலும் ஓடைக்கரைகளிலும் மரமும் புதரும் கொடியுமாக அடுக்கடுக்காக நட்டு, 30 பசுமைத் தடங்களை உருவாக்கினார்கள். அவை இருக்கும் பகுதிகளில் வெப்பம் 2 டிகிரி அளவுக்குக் குறைந்ததாக நகர நிர்வாகம் கூறுகிறது. அங்கே ஒரு பெரிய பூங்காவை எழுப்பித் திறப்பு விழா நடத்தவில்லை. மக்கள் அன்றாடம் நடக்கும், பஸ்ஸுக்கு நிற்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர்வாசிகளையே தோட்டப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வேலையும் கொடுத்தார்கள். நட்ட பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற எளிய விஷயத்தை அவர்கள் மறக்கவில்லை.

நிழல் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பேசாமல் இதைப் பேச முடியாது. சென்னையின் பெரிய பசுமைத் தொகுதி கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய ஆளுநர் மாளிகை, ஐஐடி வளாகம் என்று நகரின் தெற்கே ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. அங்கே மரம் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காடு இல்லாவிட்டால் நகரமே இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் வியாசர்பாடியிலோ இராயபுரத்திலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் குடியிருப்பவர் அந்தக் குளுமையின் விளிம்பைக்கூடத் தொடுவதில்லை. நகரின் நடுவே கூவக்கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்திக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்ககங்களில் குடியமர்த்தியபோது, அந்த அடுக்ககங்களுக்கு நடுவே நிழல்தரும் மரங்களுக்கென்று இடம் விட்டிருக்கலாம். பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், ஒரு காலத்தில் பரந்து கிடந்த அந்தச் சதுப்பு இன்று குப்பைக் கிடங்குக்கும் கட்டடங்களுக்கும் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுச் சுருங்கிக் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க அது வழி செய்கிறது. உயிரோடு இருப்பவருக்கு அந்த அறிவிப்பின் பொருள், அவர் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு மரம் என்று இருந்தால் நன்றாக இருக்கும்.

பூங்காக்களைத் திறந்துவைக்கும் நேரம் பற்றியும் ஒரு குறை உண்டு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூங்கா பல ஆண்டுகளாகக் காலை 10 மணிக்குப் பூட்டப்பட்டு மாலை 4 மணிக்குத்தான் திறக்கப்பட்டது. பொருள் விநியோகிக்கும் இளைஞர்களும் தூய்மைப் பணியாளர்களும் பூட்டிய இரும்புக் கதவுக்கு வெளியே, மரக்கிளை வேலியைத் தாண்டி விழும் நிழலில், நடைபாதையில் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நான்கு தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் சிமெண்ட் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். குளிர்ச்சி தேவைப்படும் ஆறு மணி நேரத்துக்குக் குளிர்ச்சியான இடத்தைப் பூட்டிவைக்க ஒரு காரணமும் இருக்க முடியாது. இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் தேவையில்லை. சாவியும் ஒரு காவலாளியும் போதும்.

எந்த மரம் என்பதில் 2016 டிசம்பர் 12 எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியது. வர்தா புயல் அன்று பிற்பகல் நகரைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் பகுதியில் முதலில் விழுந்தவை பூவுக்காக நட்ட குல்மொஹர் மரங்களும் பெருங்கொன்றைகளும். வேம்பிலும் புங்கனிலும் கிளைகள் முறிந்தன, மரங்கள் நின்றன. விழுந்த மரங்களின் வேரைப் போய்ப் பார்த்தேன். பலவற்றில் ஒரு பக்க வேர் முன்பே வெட்டப்பட்டிருந்தது; மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டியபோது நடந்த வேலை அது. சுற்றிலும் சிமெண்ட் போட்டு இறுக்கிய மரத்தின் வேர் ஆழமாகப் போகாமல், ஈரம் தேடி மேலாகவே ஓடியிருந்தது. காற்று பெயர்த்தது மரத்தை அல்ல, நாம் ஏற்கெனவே பெயர்த்து வைத்திருந்ததை.

இனி நடுபவற்றில் என் தேர்வு புங்கன், வேம்பு, பூவரசு, இலுப்பை, மகிழம், நாவல். இடம் இருந்தால் அரசும் ஆலும். இதில் புங்கனுக்கு ஒரு தனிச் சிறப்பு. பங்குனியில் பழைய இலையை உதிர்த்துவிட்டு, சித்திரை வெயில் ஏறத் தொடங்கும் சமயத்தில் பளபளக்கும் புது இலைகளால் முழுமையாக மூடிக்கொள்ளும். நகரம் எரியத் தொடங்கும்போது அது குடையை விரிக்கிறது. இலை அடர்த்தி அதிகம், வேர் ஆழம், மின்கம்பிக்கு முட்டாத உயரத்தில் அதை நிறுத்திவைக்கவும் முடியும்.

எங்கள் தெருமுனைப் புங்கமரத்தின் கீழ்தான் இஸ்திரிக்காரர் ஒருவரின் வண்டி நிற்கிறது. கரி அடுப்புப் பெட்டியோடு பகல் முழுதும் நிற்கும் அவருக்கு அந்த மரம்தான் கூரை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நடைபாதையைப் புதுப்பிக்க வந்த ஒப்பந்தக்காரர், அடிமரத்தை ஒட்டி ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் பேவர் பிளாக்கையும் சிமெண்டையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு கோடையில் மரத்தின் உச்சியில் இலை மெலிந்தது, ஒரு கிளை காய்ந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி நகருக்கு 2013இலேயே உத்தரவிட்டிருந்ததைப் படித்துவிட்டு, அதைக் காட்டி மூன்று மனுக்கள் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஒருநாள் இஸ்திரிக்காரர்தான், "சார், மனு கெடக்கட்டும். ஒரு கடப்பாரை இருந்தா குடுங்க, ஞாயித்துக்கெழம நாமளே பாத்துக்கலாம்" என்றார். அந்த ஞாயிறு காலையில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, மரத்தைச் சுற்றி இரண்டரை அடிக்குக் கற்களைப் பெயர்த்தோம். அடியில் இருந்த மண் செங்கல் சூளை மண் போலக் காய்ந்து கட்டியாகியிருந்தது. கடப்பாரை போட்டால் டங் என்று சத்தம் வந்தது. வேர்கள் சிமெண்டின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போய், கற்களின் இடுக்குகளில் நரம்பு நரம்பாகப் பின்னிக்கொண்டிருந்தன. வேரை அறுக்காமல் கையாலேயே மண்ணைக் கிளறி, எருவும் காய்ந்த சருகும் போட்டு, விளிம்பைச் சற்றுத் தாழ்வாக விட்டோம், நடைபாதையில் ஓடும் மழைநீர் அதற்குள் இறங்கட்டும் என்று.

பிறகு எதிர்வீட்டு அம்மா ஒரு காரியம் செய்தார். அவர் வீட்டு ஏசியிலிருந்து குழாய்வழியே நடைபாதையில் சொட்டி வழுக்கிக்கொண்டிருந்த தண்ணீரை, பத்தடி ரப்பர் குழாய் வாங்கி மாட்டி மரத்தடிக்குத் திருப்பிவிட்டார். புழுக்கமான இரவுகளில் ஏசி காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும் அந்த நீர் உப்பில்லாதது. விடிவதற்குள் ஒரு வாளி சேர்ந்துவிடுகிறது. இப்போது எங்கள் தெருவில் ஆறு வீடுகளின் குழாய்கள் ஆறு மரங்களுக்குப் போகின்றன. போன சித்திரையில் புங்கன் காய்ந்த கிளையைத் தவிர மற்ற எல்லாக் கிளைகளிலும் துளிர்த்தது. இஸ்திரிக்காரர் தன் வண்டியை ஒன்றரை அடி தள்ளி நிறுத்திக்கொண்டார், சக்கரம் மண்ணில் ஏறிவிடக்கூடாது என்று.